குதிரையோடு இரவு தங்க நல்ல இடம் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் சொந்தமாகக் குதிரை வளர்ப்போர் பலர், குதிரைகளையும் உடன் அழைத்துச் சென்று வெளியிடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது குறித்துக் கேட்டு எழுதியுள்ளனர். எல்லாம் ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களாதலால் அவற்றை ஒருசேரத் தொகுத்து இவ்விதழில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்களிடம் ஒரு கத்தியவாரிப் பெட்டைக் குதிரையும் ஒரு நாட்டு மட்டக்குதிரையும் உள்ளன. விடுமுறையில் குடும்பத்துடன் சென்று ஓரிரவு கூடாரத்தில் தங்க விரும்புகிறோம். வெளிநாடுகளில் குதிரைகளுக்கென்றே முகாம் இடங்கள் இருப்பதாகப் படித்தேன். நம் பக்கத்தில் அத்தகைய இடம் எங்கே கிடைக்கும்? (ஓசூர் வாசகர்)

பதில்: அமெரிக்காவின் தேசிய வனங்களில் குதிரையுடன் வருவோருக்கென்றே ஒதுக்கப்பட்ட முகாம்கள் இருப்பது உண்மைதான். அங்கே குதிரையை அடைக்கப் பட்டியோ கட்டி வைக்கக் கம்பமோ இருக்கும். தண்ணீருக்கு வழி இருக்கும். குதிரை ஏற்றிவரும் நீண்ட வண்டி திரும்புவதற்கும் இடம் விட்டிருப்பார்கள். களை விதை கலவாதது எனச் சான்று பெற்ற தீவனத்தை மட்டுமே கொண்டுவர வேண்டும் என்ற விதியும் பல வனங்களில் உண்டு. அப்படிப் பெயர்ப்பலகை வைத்த இடத்தை நம் மாவட்டங்களில் தேடி அலைவதைவிட, அந்த முகாம்கள் குதிரைக்கு எவற்றையெல்லாம் அளிக்கின்றனவோ அவற்றை அளிக்கக்கூடிய ஒரு பட்டா நிலத்தை, வீட்டிலிருந்து சுமார் 20 கிலோமீட்டருக்குள் தேடிக்கொள்வதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. குதிரை இரவு முழுவதும் நிலைகொள்ளாமல் தவித்தாலோ, வயிற்றுவலி கண்டாலோ, விடிவதற்குள் அதைத் தன் கொட்டகைக்குக் கொண்டுசேர்க்கவும், அதை ஏற்கெனவே அறிந்த மருத்துவரை அழைக்கவும் அந்தத் தொலைவில்தான் முடியும்.

அவ்வாறு தேடும்போது நில உரிமையாளரின் மனமார்ந்த சம்மதத்தை முதலில் வையுங்கள். தூரத்து உறவினரின் தோப்பாக இருந்தாலும் நேரில் சென்று, எத்தனை குதிரைகள், எத்தனை பேர், எந்த நாள் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏரியின் உள்வாய், ஆற்றங்கரை, மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவை யாருக்கும் சொந்தமில்லாதவை போலத் தோன்றினாலும் அவை அரசு நிலங்கள். ஊராட்சி மன்றத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ விசாரிக்காமல் அங்கே கூடாரம் அடிக்காதீர்கள். போச்சம்பள்ளி வட்டத்தின் பாரூர் பெரிய ஏரி போன்ற நீர்நிலைகளின் அருகே தங்க விரும்புவோர், கரையை ஒட்டியுள்ள தென்னந்தோப்புக்காரர்களிடம் இடம் கேட்பது எளிது, முறையும் அதுவே.

கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதும் பரவிக் கிடக்கும் மாந்தோப்புகள் நிழலுக்கு நிகரற்றவை. ஆனால் பருவம் பார்க்க வேண்டும். மார்கழி முதல் மாசி வரை மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து தெளிப்பார்கள். தெளித்த தோப்பின் அடிப்புல்லைக் குதிரை மேய்ந்தால் நஞ்சு உள்ளே போகும். சித்திரை முதல் ஆடி வரை அறுவடை நடப்பதால் தோப்பு முழுவதும் ஆட்களும் வண்டிகளுமாக இருக்கும். உதிர்ந்த பழங்களை அளவின்றித் தின்றால் குதிரைக்கு வயிற்றுவலி வரும், கொட்டை தொண்டையில் சிக்கவும் கூடும். ஆகவே அறுவடை முடிந்து, மழை ஓய்ந்திருக்கும் இடைவெளியே மாந்தோப்பில் தங்க ஏற்ற காலம். தை, மாசி மாதங்களில் செல்வதாயின் அறுவடையான நிலக்கடலைக் காட்டையோ கேழ்வரகுக் காட்டையோ, அதன் வரப்பில் நிற்கும் புளியமரங்களையோ நாடுங்கள். தென்னந்தோப்பில் கூடாரத்தையோ குதிரையையோ மரத்தடியில் வைக்காமல், மட்டையும் காயும் விழாத திறந்த பகுதியில் வைக்க வேண்டும்.

ஓரிடம் மனத்துக்குப் பிடித்துவிட்டால், குதிரை இல்லாமல் ஒரு பகலில் சென்று அதைக் காலால் நடந்து அளந்து பாருங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் நம் மண்ணில் இரவில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் பல உள்ளன. சுற்றுச்சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகள் இங்கே சாதாரணம். கைவிடப்பட்ட கருங்கல் குவாரிகளில் நீர் நிறைந்து குளம்போல் கிடக்கும். மரக்கிளையிலோ பாறையிடுக்கிலோ மலைத்தேனீக்கள் கூடு வைத்திருந்தால், நீங்கள் மூட்டும் அடுப்பின் புகை அவற்றைக் கிளப்பிவிடும். மனிதன் ஓடித் தப்பலாம், கட்டிய குதிரை தப்ப முடியாது. பக்கத்துக் காட்டுக்காரர் பன்றிக்கு வைத்த மின்வேலி உண்டா என்று குறிப்பாகக் கேட்டு விசாரியுங்கள். 2023 மார்ச் மாதத்தில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். யானையைக் கொன்ற கம்பி குதிரையை விட்டுவைக்காது.

ஓசூருக்கு மிக அருகில் என்பதால் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் செல்ல எண்ணுவீர்கள். பெங்களூருப் பகுதியின் கழிவுகள் கலந்து வருவதால் தென்பெண்ணையில் அங்கே நுரை பொங்குவதைப் பலமுறை செய்திகளில் கண்டிருக்கிறோம். அந்த நீரைக் குதிரைக்குக் காட்டாதீர்கள். வேறு தண்ணீர் கையோடு இல்லாவிட்டால் அந்த இடமே வேண்டாம்.

கேள்வி: தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வனப்பகுதிகள் குளிர்ச்சியாகவும் அழகாகவும் உள்ளன. காவிரிக் கரையோரம் காட்டுக்குள் குதிரைகளுடன் தங்க அனுமதி பெற முடியுமா? (தேன்கனிக்கோட்டை வாசகர்)

பதில்: அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்பகுதிகளில் பெரும்பகுதி காப்புக்காடாகவும், காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திற்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றமாகும். வீட்டு விலங்குகளை உள்ளே கொண்டுசெல்வதால் காட்டு விலங்குகளுக்கு நோய் பரவும் என்ற கவலையும் வனத்துறைக்கு உண்டு, அது நியாயமான கவலை.

சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், குதிரைக்கு அது தகுந்த இடமன்று. கேழ்வரகு முற்றி அறுவடைக்கு நிற்கும் ஐப்பசி, கார்த்திகை தொடங்கி தை வரையிலான மாதங்களில் பன்னேர்கட்டா வனப்பகுதியிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக வந்து ஓசூர் வரை உலவுகின்றன. யானையின் வாசனை பட்ட குதிரை கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு இருளில் ஓடும். ஓடிய குதிரையைத் தேடிக்கொண்டு யானை நிற்கும் காட்டுக்குள் நீங்களும் போக நேரிடும். சிறுத்தை நடமாட்டமும் உண்டு. காட்டை ஒட்டியுள்ள பட்டா நிலத்தில் தங்கினால்கூட, அன்றைக்கு யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வனச்சரக அலுவலகத்திலும் ஊர்க்காரர்களிடமும் கேட்டறிந்த பின்னரே இறங்க வேண்டும். யானை வரும் மாதங்களில், தொலைவு கூடினாலும், கிழக்கே, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி பக்கமாகச் சென்றுவிடுவதே நல்லது.

கேள்வி: இரவில் குதிரையை எப்படிக் கட்டுவது? எங்கள் குதிரையை முளை அடித்துக் கட்டினோம்; இருமுறை கயிறு பின்னங்காலில் சுற்றிக்கொண்டு தோல் உரிந்துவிட்டது. (காவேரிப்பட்டினம் வாசகர்)

பதில்: வெளியில் தங்குவதில் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. முளையில் நீளக் கயிறு விட்டுக் கட்டுவது மாட்டுக்கும் ஆட்டுக்கும் பொருந்தும். பழகாத குதிரைக்குப் பொருந்தாது. குதிரையின் இயல்பு, சிக்கியதும் நின்று யோசிப்பதன்று, உதறி ஓடுவது. கயிறு கணுக்காலுக்கு மேல் பின்புறமாக உரசியறுத்த காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். சில வேளைகளில் நிரந்தர நொண்டலாகவும் முடியும்.

உறுதியான இரண்டு மரங்களுக்கிடையே, குதிரையின் தலைக்கு மேலே, தரையிலிருந்து குறைந்தது ஏழு அடி உயரத்தில் ஒரு தடித்த கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கயிறு மரப்பட்டையை அறுக்காதிருக்க, மரத்தைச் சுற்றி அகலமான நாடாப் பட்டையையோ மடித்த சாக்கையோ முதலில் கட்டி, அதில் கயிற்றைப் பிணைக்க வேண்டும். அந்தக் கயிற்றிலிருந்து குதிரையின் தலைக்கயிறு கீழே தொங்க வேண்டும். அதன் நீளம்தான் சூட்சுமம்: குதிரை தலையைத் தாழ்த்தித் தரையிலுள்ள தீவனத்தை எட்ட வேண்டும், அதற்கு மேல் ஒரு சாண்கூடத் தொய்வு இருக்கலாகாது, இருந்தால் முன்னங்கால் அதைத் தாண்டிவிடும். தொங்கும் கயிறு முறுக்கேறாதிருக்கச் சுழலும் வளையம் ஒன்றை இடையில் பொருத்துவது நல்லது. இரண்டு குதிரைகளுக்கிடையே, ஒன்றையொன்று உதைக்க எட்டாத அளவுக்கு, நான்கு மீட்டராவது இடைவெளி விடுங்கள். குதிரை மரத்தின் அடியை எட்டாதபடியும் அமைக்க வேண்டும். எட்டினால் ஓரிரவிலேயே பட்டையைக் கடித்து, வேரைக் குளம்பால் தோண்டிவிடும். உரிமையாளர் தம் பிள்ளைபோல் வளர்த்த மாமரத்துக்கு அது நேர்ந்தால் அந்தத் தோப்புக்கு மறுபடி போக முடியாது.

கடிவாளத்தின் வாரைக் கொண்டு குதிரையைக் கட்டவே கூடாது. குதிரை திடுக்கிட்டுப் பின்வாங்கினால் வாயிரும்பு நாக்கையும் தாடையையும் கிழித்துவிடும். நுனியைச் சுண்டி இழுத்தவுடன் அவிழும் முடிச்சையே போடுங்கள். அதை உடன்வரும் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். இடுப்பில் ஒரு கத்தியும் இருக்கட்டும்.

மரமில்லாத வெட்டவெளியில், கழற்றி மாட்டும் இரும்புக் குழாய்களால் ஆன பட்டி சிறந்தது. முன்னங்கால்களுக்குத் தளை போட்டு மேயவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆனால் தளை போட்ட குதிரையும் துள்ளித் துள்ளி வெகுதூரம் போகும் என்பதால், ஆள் பார்த்திருக்கும் பகல் மேய்ச்சலுக்கு மட்டுமே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும், வீட்டுக் கொட்டகைக்கு வெளியே அதே கயிறு, அதே முடிச்சுடன் சில இரவுகள் பழக்கிய பிறகே வெளியூருக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கேள்வி: தீவனமும் தண்ணீரும் எவ்வளவு கொண்டுசெல்ல வேண்டும்? போகும் இடத்திலேயே புல் மேய விடலாமா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். நடுத்தர உடல்வாகுள்ள குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் உழைத்தால் இன்னும் கூடும். இரண்டு குதிரைகளுக்கு ஓரிரவும் ஒரு பகலும் என்றால் 100 லிட்டருக்குக் குறையாமல் கணக்கிட வேண்டும். குதிரை பழகாத நீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் நிற்கும் வழக்கமுடையது. குடிக்காத குதிரைக்கு அடுத்து வருவது மலச்சிக்கலும் வயிற்றுவலியும்தான். எனவே முதல் வேளைத் தண்ணீரை வீட்டிலிருந்தே, அது வழக்கமாகக் குடிக்கும் வாளியோடு கொண்டுசெல்லுங்கள். தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு மிகுதி என்பதால் சிலர் அஞ்சுகின்றனர். அந்தப் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் குடித்து வருவது. ஓரிரவில் அதனால் தீங்கில்லை.

உலர் தீவனத்தை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 400 கிலோ குதிரைக்கு எட்டு கிலோ, 250 கிலோ மட்டக்குதிரைக்கு ஐந்து கிலோ. தீவனத்தைத் திடீரென மாற்றுவது குதிரையின் குடலுக்கு ஆகாது. புதிய தீவனத்தைப் பழைய தீவனத்தோடு கலந்து ஏழு முதல் பத்து நாட்களில்தான் பழக்க வேண்டும். ஆதலால் வீட்டில் தின்பதையே கட்டிக்கொண்டு போங்கள். நிலக்கடலைக் கொடி நல்ல தீவனம். பூஞ்சணம் பூத்த வாடை சிறிதளவு வந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். கேழ்வரகுத் தாளைக் கலந்து போடலாம். வெறும் நெல் வைக்கோலில் சத்து குறைவு. பச்சைச் சோளப் பயிரை மேயவிடவே கூடாது. இளம்பயிரில் நஞ்சு இருப்பதோடு, குதிரையின் சிறுநீர்ப்பையையும் பின்னங்கால் நரம்புகளையும் கெடுக்கும் நோயும் அதனால் வருகிறது. நம் மாவட்டங்களின் கொள்ளு குதிரைக்குப் பெயர்பெற்றது. அதை வேகவைத்தோ நன்கு ஊறவைத்தோ அளவாகக் கொடுங்கள். வியர்வை சிந்திய நாளில் ஒரு கைப்பிடி கல்லுப்பும் வேண்டும். மணற்பாங்கான இடத்தில் தீவனத்தைத் தரையில் போடாமல் சாக்கின்மேல் போடுங்கள். தீவனத்தோடு போகும் மணல் குடலில் தங்கிவிடும்.

மேய்ச்சலைப் பொறுத்தவரை, உரிமையாளர் அனுமதித்த இடத்தில் அருகும் கொழுக்கட்டைப் புல்லும் இருந்தால் சிறிது நேரம் மேய விடலாம். ஆனால் சுற்றிலும் அரளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோயிலோரத்திலும் நெடுஞ்சாலை நடுவிலும் அழகுக்கு வைக்கும் அந்தச் செடியின் சிறிதளவு இலையே, காய்ந்ததானாலும், குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். உண்ணிச்செடி, ஊமத்தை, ஆமணக்கு ஆகியவையும் ஆகாதவை. பசித்த குதிரைதான் பெரும்பாலும் நஞ்சுச் செடியில் வாய் வைக்கும். வயிறு நிறையத் தீவனம் போட்டிருப்பதே முதற்காப்பு.

கேள்வி: தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் வரை குதிரையில் சென்று அருவிக்கரையில் தங்கித் திரும்பலாமா? பங்குனி விடுமுறையில் செல்ல எண்ணம். (தருமபுரி வாசகர்)

பதில்: தொலைவு ஏறத்தாழ 46 கிலோமீட்டர். நடையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் செல்லும் குதிரைக்கு எட்டு மணி நேர உழைப்பு அது. பழகாத குதிரைக்கு ஒரே நாளில் அது கூடவே கூடாது. இரண்டு நாளாகப் பிரித்தால் பென்னாகரத்தில் நிறுத்தலாம். பென்னாகரத்துக்கு அப்பால் உள்ள மலைச்சாலை வனத்தின் வழியே, பேருந்துகளும் சுற்றுலா வண்டிகளும் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. தார்ச்சாலையில் லாடம் வழுக்கும். அதற்கு மேல் குதிரையைக் கொண்டுபோகாமல், பென்னாகரத்துக்கு அருகே தெரிந்தவர் நிலத்தில் கட்டி, ஒருவர் காவலிருக்க மற்றவர்கள் பேருந்தில் ஒகேனக்கல் பார்த்து வருவதே நான் சொல்லும் யோசனை. அருவிப் பகுதியில் மக்கள் நெரிசலும் வழுக்குப் பாறையும் பேரிரைச்சலும் சேர்ந்து எந்தக் குதிரைக்கும் அமைதி தராது.

பங்குனி வெயிலிலும் செல்ல வேண்டாம். தை மாதத்திற்குத் தள்ளிப்போடுங்கள். எந்த மாதமானாலும் காலை பத்து மணிக்குள் அன்றைய பயணத்தின் பெரும்பகுதி முடிந்துவிட வேண்டும். நின்று ஓய்வெடுக்கும்போது தாடையின் அடியில் ஓடும் நாடியைத் தொட்டு எண்ணுங்கள். ஓய்ந்திருக்கும் குதிரைக்கு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை துடிக்கும். நடந்து வந்து நிழலில் கால்மணி நேரம் நின்ற பிறகும் 60க்குக் கீழே இறங்காவிட்டால், அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது என்று கொள்ள வேண்டும். உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள், குடிக்கவும் கொடுங்கள். லாடத்தைப் புறப்படும் முந்தைய நாள் அடிக்காமல் ஒரு வாரம் முன்னதாகவே அடித்துவிடுங்கள். ஆணி பிசகியிருந்தால் அந்த ஒரு வாரத்தில் நடையில் தெரிந்துவிடும்.

கேள்வி: குதிரையும் கூடாரமுமாகத் தங்குவது நம் ஊர் வழக்கம் அல்ல, பணக்காரர்களின் புதுப் பொழுதுபோக்கு என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்)

பதில்: இல்லை. பாராமகால் என்று வழங்கிய இதே நிலப்பகுதி 1792இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தபோது, நிலவரித் திட்டம் வகுக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே ஊர் ஊராகக் குதிரையில் சென்று கூடாரங்களில் தங்கியே வேலை பார்த்தனர். அவர்களுக்கு முன்னர் இம்மலைக் கோட்டைகளுக்கிடையே ஓயாது நகர்ந்த மைசூர்க் குதிரைப்படைகளும் அப்படித்தான் இரவு கழித்தன. ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்றுள்ள கால்நடைப் பண்ணை, 1824இல் படைக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஓசூர்ப் பீடபூமியின் மிதமான தட்பவெப்பமும் மேய்ச்சலும் குதிரைக்கு ஏற்றவை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பந்தயக் குதிரையும் விலையுயர்ந்த சேணமும் இதற்குத் தேவையில்லை; வண்டி இழுத்துப் பழகிய மட்டக்குதிரையும் ஒரு தார்ப்பாயும் போதும்.

கேள்வி: பன்னிரண்டு வயதான என் மகள் மட்டக்குதிரையில் நன்றாகச் சவாரி செய்கிறாள். அவளை இப்படி அழைத்துச் செல்லலாமா? (அரூர் வாசகி)

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், அம்மா. முதல் முறை உங்கள் சொந்தக் காட்டிலேயே தங்குங்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது, குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று எடுத்துப் பார்ப்பது, தீவனத்தை அளந்து போடுவது ஆகியவற்றை அவள் பொறுப்பில் விடுங்கள். சவாரியைவிட இவற்றில்தான் குதிரையை அறிய முடிகிறது. தலைக்கவசம் கட்டாயம். குதிரைக் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இருட்டில் குதிரையின் பின்புறமாகச் செல்லாமல், தொலைவிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு தோள்பக்கமாக நெருங்கப் பழக்குங்கள். பாம்பு நடமாடும் நிலமாதலால் இரவில் கைவிளக்கும் மூடிய காலணியும் இல்லாமல் கூடாரத்தை விட்டு இறங்கக் கூடாது.

கேள்வி: வெளியில் தங்கியிருக்கும்போது குதிரைக்கு நோய் கண்டால் என்ன செய்வது? அந்தியூர்ச் சந்தையில் புதிதாக வாங்கிய குதிரையை உடனே மற்றக் குதிரைகளுடன் அழைத்துச் செல்லலாமா? (பர்கூர் வாசகர்)

பதில்: உங்கள் இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கூடாது. ஆடிமாதத்துக் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டி அந்தியூரில் கூடும் குதிரைகள் பல மாநிலங்களிலிருந்து வருபவை. புதிய குதிரையை மூன்று வாரமாவது தனியே கட்டி, தனி வாளியில் தண்ணீர் காட்டி, காய்ச்சலோ மூக்குச்சளியோ தோலில் கட்டியோ உண்டா என்று கவனிக்க வேண்டும். குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற கொடிய நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. ஐயம் தோன்றினால் கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பது கடமை.

வெளியில் தங்கும்போது அடிக்கடி நேர்வது வயிற்றுவலி. குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைப் பிறாண்டும், படுத்துப் புரளும், சாணம் போடாது, தீவனத்தைத் தொடாது. அக்கணமே தீவனத்தை அகற்றிவிட்டு மருத்துவரை அழையுங்கள். எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்க் குதிரையைக் கொன்றுவிடலாம். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தொலைவில் உள்ளது. தங்கும் இடத்தில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கிறதா என்பதையும் முன்னரே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தையும் அதை ஒட்டிய மாதங்களையும் சேர்ந்தது ஈக்கள் பரப்பும் சர்ரா நோய். விட்டு விட்டுக் காய்ச்சல், அடிவயிற்றிலும் கால்களிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் மெலிவது ஆகியவை அதன் அறிகுறிகள். தாமதித்தால் குதிரை பிழைப்பது அரிது. நீர்நிலைக்கு மிக நெருக்கமாகவும் மாட்டுத் தொழுவத்தை ஒட்டியும் குதிரையைக் கட்டாதிருந்தால் ஈக்கடி பெரிதும் குறையும். ஆணி, முள், முள்வேலிக் காயங்களால் ரணஜன்னி (டெட்டனஸ்) வரும் ஆபத்து குதிரைக்கு மிக அதிகம்; அதற்கான தடுப்பூசியும், தெருநாய்கள் எங்கும் திரிவதால் வெறிநோய்த் தடுப்பூசியும் போடாத குதிரையை வெளியில் தங்க அழைத்துச் செல்லாதீர்கள். லாரியில் ஏற்றிச் செல்வதாயின், 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்திற்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவரின் சான்று கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: தங்கிய இடத்தைச் சுத்தம் செய்து தருவது எப்படி? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: குதிரைகளைக் கிணறு, வாய்க்கால், ஏரி ஆகியவற்றிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் கட்டினால் பாதி வேலை குறைந்துவிடும். சாணத்தை எருக்குழியில் சேர்க்கலாமா, மரத்தடியில் பரப்பலாமா என்று உரிமையாளரைக் கேட்டுச் செய்யுங்கள்; பலர் அதை விரும்பி வாங்கிக்கொள்வார்கள். பார்த்தீனிய விதை கலந்த தீவன மிச்சத்தை மட்டும் அவர் நிலத்தில் விட்டுவிடாமல் சாக்கில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். குளம்பு தோண்டிய பள்ளங்களை மண்ணிட்டு மூடி, அடுப்புச் சாம்பலில் கைவைத்துச் சூடில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கயிறு கட்டிய மரங்களின் பட்டையை உரிமையாளருக்கே காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.